மாரிக்குள் துணி காய வைத்தது

எங்கள் மகள் குறை மாதத்தில் பிறந்தவள். ஐப்பசி மழை தொடங்கிய கிழமையில் பிறந்தாள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்து, ஒருவழியாக எங்கள் கையில் தந்தபோது டொக்டர் சொன்னது ஒன்றுதான். நெஞ்சு பலவீனம், குளிரும் ஈரமும் ஆகாது, இழுப்பு வந்தால் உடனே தூக்கிக்கொண்டு வர வேண்டும். அதனால் வாகரைக்குத் திரும்பாமல் மட்டக்களப்பு நகரத்திலேயே, ஆஸ்பத்திரிக்குக் கிட்டவாக, வாவிக் கரையில் ஒரு பழைய வீட்டின் பின்பகுதியை வாடகைக்கு எடுத்தோம்.

வாகரையில் மனைவிக்கு வீடு இருந்தது. சுனாமியில் கடல் வந்தபோது அது போய்விட்டது. பிறகு கட்டிக் கொடுத்த வீட்டில் அவளுடைய தங்கை பிள்ளைகளோடு இருக்கிறாள். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். ஆண்கள் போய் ஒட்டிக்கொள்ள வேண்டியவர்கள். நான் எங்கேயும் அதிக காலம் ஒட்டாத ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. அதற்குப் பிறகு வயல் வட்டையில் அறுவடை, கடற்கரையில் ஓலைக் கொட்டகை போட்ட மீன் வாடி, மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பங்களா, கட்டார், கடைசியாகப் பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலின் துணி தோய்க்கும் பகுதி. அங்கே பெரிய மெஷின்கள் இருந்தன. படுக்கை விரிப்புகள் சுடச்சுடக் காய்ந்து வெளியே வரும். மகளின் துணிகளையும் அதில் போட்டிருக்கலாம். ஆனால் மாரி வந்தால் கடல் கலங்கும், வெள்ளைக்காரர் வரமாட்டார்கள், எங்களைப் போன்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். தை கழிந்து கூப்பிடுவதாகச் சொன்னார்கள்.

ஆக நான் வீட்டில் இருந்தேன். மழை பெய்தது. துணி காயவில்லை.

பச்சைப் பிள்ளை உள்ள வீட்டில் எவ்வளவு துணி சேரும் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அறைக்குள் சுவருக்குச் சுவர் கயிறு கட்டி, குனிந்து குனிந்து நடந்தோம். காலையில் போட்ட துணி மறுநாள் காலையும் குளிர்ந்து கிடந்தது. மனைவி இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் ஆவி வரும், ஈரம் போகாது. சுவரில் கறுப்பாகப் பூஞ்சணம் படர்ந்தது. ஒருநாள், வீடு வீடாகப் பச்சைப் பிள்ளைகளைப் பார்க்க வரும் மிட்வைஃப் மிஸ்ஸி வாசலிலேயே நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்தார். பிள்ளையின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டார்.

“லேசா கரகரக்குது. இந்த ஈரம் முழுக்க புள்ளைதான் குடிக்கிது. புள்ள கிடக்கிற அறைக்குள்ள ஒரு துண்டுத் துணிகூடக் காயப் போடாதீங்க. அடுத்த முற இப்பிடி இருந்தா, நான் திரும்ப வார்ட்டுக்குத்தான் எழுதுவன்.”

மனைவி அப்போதே கயிற்றிலிருந்து துணிகளை உருவத் தொடங்கினாள். வார்ட்டில் அவள் பட்டது அவளுக்குத் தெரியும்.

எனக்கு ஈரம் புதிதில்லை. சின்ன வயதில் அகதி முகாமில் இருந்தபோது உடுப்பை உடம்பில் போட்டபடியேதான் காய வைத்தோம். மாற்று உடுப்பு இல்லாததால் அதில் யோசிக்க எதுவும் இருக்கவில்லை. கட்டாரில் தோய்த்த சேட்டைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்புவதற்குள் மொரமொரவென்று இருக்கும். ஆனால் இரண்டுக்கும் நடுவில், மலையில், அந்தப் பங்களாவில், ஆண்டு முழுக்க மழைத் தூறல். அங்கே சமைக்கிற குசினியில் துணி காயவைக்க ஒரு மரச் சட்டம் இருந்தது. நீளமான மரக் கம்புகள், இரண்டு பக்கமும் கயிறு, மேலே கப்பி. கீழே இறக்கித் துணியைப் போட்டு, கயிற்றை இழுத்தால் சட்டம் சீலிங் வரைக்கும் போகும். சூடெல்லாம் மேலேதான் நிற்கும் என்பதால் விடியும்போது துணி காய்ந்திருக்கும். யாருடைய தலையிலும் தட்டாது.

நாங்கள் இருந்த வீட்டின் நடு ஹோலும் உயரமானது. வீட்டுக்காரி, போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கி அக்கா. ஐம்பது வயது கடந்தவர், தனி ஆள். நத்தார் நெருங்கினால் ஊர் முழுக்க அவரிடம் கிறிஸ்மஸ் கேக்குக்குச் சொல்லிவைக்கும். ஹோலை ஒட்டிய குசினியில் கேக் சுடும் பெரிய போறணை பகலெல்லாம் எரியும். அந்தச் சூடு கதவுக்கு மேலாக வழிந்து ஹோலின் சீலிங்குக்குக் கீழே போய் நிற்பதை, ஏணியில் ஏறிக் கையை நீட்டியபோது உணர்ந்தேன். இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

“செய்ங்க தம்பி. ஆனா சீலிங் என்ட அப்பா அடிச்ச பலகை. அதுல ஓட்ட போடப்படாது” என்றார் அக்கா.

ஓட்டை போடத் தேவையே இருக்கவில்லை. ஹோலின் நட்ட நடுவில், பலகைக்குள்ளிருந்து, பெருவிரல் பருமனில் ஒரு இரும்புக் கொளுக்கி இறங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் நான் ஏணைக் கொளுக்கி என்று முடிவு செய்துவிட்டேன். மனைவியும் அப்படித்தான். எங்கள் ஆட்களின் வீட்டில் நடு ஹோலில் கொளுக்கி இருந்தால் அது பிள்ளையைத் தூங்கவைக்கச் சேலையில் ஏணை கட்டிய கொளுக்கிதான். அதைப் பற்றி யாரும் யாரிடமும் கேட்பதில்லை. முகாமில்கூட, எந்தக் கம்பு உறுதியோ அதில்தான் முதலில் ஏணை தொங்கும், கூரைத் தறப்பாள் பிறகுதான். பிள்ளையைத் தாங்கிய இரும்பு எதையும் தாங்கும் என்பது எங்களுக்குள் ஊறிப்போன எண்ணம்.

“துணியெல்லாம் காஞ்சு முடிய, பகல்ல சட்டத்தக் கழட்டிட்டு இதிலேயே புள்ளைக்கு ஏணையும் கட்டலாம்” என்றாள் மனைவி. பழைய சேலை ஒன்றை மடித்து எடுத்து வைத்துவிட்டாள்.

பலகை விற்கும் மரக்காலையில் கழிவு விலைக்கு மெல்லிய கம்புகள் வாங்கினேன். மீன்பிடிச் சாமான் கடையில் நைலோன் கயிறும் ஒரு கப்பியும். நான்கு மூலையிலும் கயிறு கட்டி, உறியைப் போல நடுவில் சேர்த்து, கொளுக்கியில் மாட்டிய கப்பியில் தொங்கவிட்டேன். முடிச்சுகளைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. முதல் நாள் பிள்ளைத் துணிகளை மட்டும் போட்டு மேலே இழுத்தோம். மறுநாள் காலையில் இறக்கியபோது மனைவி ஒவ்வொன்றையும் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உலர்ந்து, லேசான சூட்டோடு, கேக் வாசத்தோடு இருந்தன. கனநாளைக்குப் பிறகு அவள் சிரித்தாள்.

அன்று பின்னேரம் படுக்கை விரிப்புகளையும் ஒரு பழைய கம்பளியையும் தோய்த்தேன். ஹோட்டலில் இருந்த பழக்கம், தோய்க்கத் தொடங்கினால் கைக்கு அகப்பட்டதையெல்லாம் தோய்ப்பேன். பிழிந்தும் பாரமாகத்தான் இருந்தன. சட்டத்தை மேலே இழுத்து, கயிற்றை ஜன்னல் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை ஹோலில் பாயில் படுத்திருந்தது. பசித்து அழத் தொடங்கவும் மனைவி தூக்கிக்கொண்டு அறைக்குள் போனாள்.

மேலே ஒரு கிறீச்சென்ற சத்தம். கயிறு என் கையில் இலேசானது. சட்டம், கம்பளி, கொளுக்கி, அதோடு ஒரு முழுப் பலகை, அதற்கு மேலே எத்தனையோ காலமாகக் கிடந்த தூசியும் எலிக்கூடும், எல்லாம் சேர்ந்து பாயின் மேல் விழுந்தன.

தூசி அடங்கும்வரை நான் அசையவில்லை. மனைவி வாசலில் வந்து நின்றாள். பிள்ளை அவள் மார்பில் இருந்தது. அவள் பாயைப் பார்த்தாள், மேலே ஓட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை.

அக்கா மாவுக் கையோடு ஓடி வந்தார். “மாதாவே! ஆருக்கும் பட்டுட்டா?”

“இல்லக்கா.”

“புள்ள?”

“உள்ளுக்குள்ள.”

அவர் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு குனிந்து கொளுக்கியை எடுத்துப் பார்த்தார். “இதுலயா கட்டினீங்க? கேக் வேலையில நான் அண்ணாந்தும் பாக்கல்ல. தம்பி, இது என்ட அப்பா லாம்பு தொங்கவிட்ட கொளுக்கி. கரண்ட் வர முந்தி. அந்த லாம்பு ஒரு பூனக்குட்டிப் பாரம் வராது.”

“நான் ஏணைக் கொளுக்கி எண்டு நினைச்சன்க்கா.”

“ஏணையா?” அவருக்கு நடுக்கத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “எங்கட ஆக்கள் தச்சுவேலைக்காரர். ஊருக்கெல்லாம் அலுமாரியும் கட்டிலும் செஞ்சு குடுத்த மனிசன், பெத்த புள்ளையளச் சீலையில கட்டித் தொங்கவிடுவாரா? நாங்க அம்புட்டுப் பேரும் தேக்குத் தொட்டில்ல கிடந்து வளந்த ஆக்கள். ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே!”

கேட்டிருக்கலாம். கேட்கத் தோன்றவில்லை. கொளுக்கியில் பலகைக்குள் திருகும் மரையைப் பார்த்தேன். சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பலகையில் மட்டும் முடுக்கியிருக்கிறார்கள். அதற்கு மேலே ஒன்றுமில்லை.

மனைவி ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தோளில் போட்டபடி, மடித்து வைத்திருந்த சேலையை எடுத்துப் பெட்டிக்குள் அடியில் தள்ளினாள். அன்றைக்குச் சோறு போட்டுத் தந்த பிறகுதான் பேசினாள்.

“இஞ்சேருங்க. கம்பளியத் தோய்க்காம விட்டிருந்தா, நாளைக்கு அந்தக் கொளுக்கியில புள்ளையத்தான் போட்டிருப்பம்.”

“ஓம்.”

“ஓம் எண்டுதான் சொல்லுவீங்க. நீங்க கட்டினது எது, நீங்க போன பிறகும் நிண்டிருக்கு?”

“நான் கட்டினதெல்லாம் வாடிதானே. சீசன் முடிய அவிழ்க்கத்தானே கட்டுறது.”

“இது வாடி இல்ல” என்றாள். “தங்கச்சி வீட்ட போறன் எண்டா, றோட்டுல வெள்ளம். இஞ்ச இருந்தா ஈரம். மிஸ்ஸி வார கிழமை திரும்ப வருவா. விழாதெண்டா கட்டுங்க. இல்லாட்டி விடுங்க, நான் வார்ட்டுக்கே போறன்.”

அவள் சொன்னது நியாயம். நான் அவிழ்ப்பதற்காகவே கட்டிப் பழகியவன். அவசரத்துக்கு நிற்கும், அதற்கு மேல் நான் பொறுப்பு இல்லை. இப்போது நான் பக்கத்தில் இல்லாத நேரத்திலும் நிற்க வேண்டிய ஒன்றைக் கட்ட வேண்டும்.

பலகை விழுந்த ஓட்டை வழியாகத்தான் முதலில் தலையை மேலே விட்டுப் பார்த்தேன். அக்காவே டோர்ச்சைத் தந்தார். ஓட்டை ஏற்கெனவே விழுந்துவிட்டதால், இனி இன்னும் இரண்டு ஓட்டை விழுந்தால் என்ன என்ற நிலைக்கு அவர் வந்திருந்தார். கீழேயிருந்து பார்க்கும்போது சீலிங் உறுதியாகத் தெரியும். மேலேயிருந்து பார்த்தால் அது மெல்லிய சலாகைகளில் ஆணியடித்துத் தொங்கும் வெறும் பலகை. ஆனால் அதற்குச் சற்று மேலே, சுவரிலிருந்து சுவருக்கு, கூரையைத் தாங்கும் தீராந்திகள் போயின. முதிரை மரம். ஒவ்வொன்றும் என் தொடைப் பருமன்.

கொளுக்கியால் பட்ட பாட்டுக்குப் பிறகு நான் தீராந்தியையும் நம்பவில்லை. சுத்தியலோடு தவழ்ந்து போய் ஒவ்வொன்றையும் நுனியிலிருந்து நுனிவரை தட்டினேன். வாவிப் பக்கச் சுவருக்கு அருகே இருந்த தீராந்தி, முற்றிய பூசணிக்காயைத் தட்டியது போலச் சத்தம் போட்டது. ஸ்குறூ டிரைவரால் குத்தினேன், கைப்பிடி வரைக்கும் போனது. கறையான். வெளியே தோல் மட்டும் மரமாக இருந்தது. அதை அக்காவுக்குச் சொன்னபோது அவர் முகம் சுருங்கியது. நத்தார் முடிய ஆள் பிடித்து மாற்றுவதாகச் சொன்னார். குசினிப் பக்கத்து இரண்டு தீராந்திகளும் கணீரென்று பேசின. குத்தினால் நுனிகூட இறங்கவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில்தான் சட்டம் தொங்க வேண்டும். எனக்குப் பிடித்த நடு ஹோல் இல்லை, சற்று ஓரம். சூடும் அங்கேதான் அதிகம்.

செங்கலடியில் ஜன்னல் கிரில் ஒட்டும் பட்டறை வைத்திருக்கும் ஒருவன் கட்டாரில் என்னோடு ஒரே அறையில் கிடந்தவன். பஸ் ஏறிப் போய், தீராந்தியை ஊடறுத்துப் போகும் நீளத்தில், கீழே வளையம் வைத்த போல்ட் இரண்டு வேண்டும் என்றேன். அவன் முகக் கவசத்தை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

“பாயச் சுருட்டிட்டுத் திரிஞ்சவன் போல்ட் கேட்டு வந்திருக்கான். மச்சான், வீடு வாங்கிட்டியா?”

“வாடகடா. துணி காயப் போட.”

“துணிக்கா இந்தப் போல்ட்? இதுல உன்ட ஹோட்டலையே தொங்கவிடலாம்.”

நடந்ததைச் சொன்னேன். அவன் சிரிப்பை நிறுத்திவிட்டான். “கப்பியில போட்டுச் சுவருக்கு இழுத்துக் கட்டினா, கொளுக்கிக்கு ரெண்டு பங்கு பாரம் போகும், தெரியுமா? துணி ஒரு பக்கம் இழுக்கும், நீ மறு பக்கம் இழுக்கிற” என்றான். எனக்குத் தெரியாது. எத்தனையோ கப்பியில் கயிறு இழுத்திருக்கிறேன், ஒருநாளும் அதை யோசித்ததில்லை.

நீளமான துளைக்கும் கம்பியை இரவல் கேட்டேன். “உன்னட்ட குடுத்தா அது எந்த நாட்டுக்குப் போகுமோ! நானே வாறன்” என்றான். வந்தான்.

நான் மேலே, அவன் ஏணியில். தீராந்தியை ஒட்டி மெல்லிய ஆணி ஒன்றை மேலிருந்து பலகைக்குள் இறக்கினேன். கீழே அதன் நுனி தெரிந்த இடத்திலிருந்து அளந்து, தீராந்தியின் நடு எங்கே வருகிறதென்று அவன் குறித்தான். ஓரத்தில் துளைத்தால் மரம் வெடிக்கும். முதிரையைத் துளைப்பது லேசான வேலையில்லை. கம்பி சூடேறிப் புகைந்தது, நிறுத்தி நிறுத்தித்தான் போனான். போல்ட் மேலே வந்ததும் உள்ளங்கை அகல இரும்புத் தகடு ஒன்றைக் கோர்த்து, நட்டை முடுக்கி, அதற்கு மேல் இன்னொரு நட்டையும் போட்டு இறுக்கினேன்.

கயிற்றைக் கட்டவும் இடம் வேண்டும். ஜன்னல் கம்பி துருப்பிடித்தது. சுவர் பழைய சுண்ணாம்புச் சாந்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. கடைசியில் குசினிக் கதவின் நிலையில், மரத்தில், வள்ளங்களில் கயிறு சுற்ற வைப்பதைப் போன்ற இரட்டைக் கொம்புக் கட்டை ஒன்றை நீளமான ஸ்குறூக்களால் பொருத்தினேன்.

பிறகு பாரம் பார்த்தோம். முதலில் ஒரு மூடை அரிசி. அக்கா கேக்குக்கு வெட்டி வைத்த முந்திரிப் பருப்புத் தட்டுகளை ஒவ்வொன்றாக அறைக்குள் கொண்டுபோனார். “சீலிங் வந்தா வரட்டும். நத்தார்க் கேக் போனா நான் ஊருக்குள்ள தலகாட்ட ஏலாது” என்றார்.

அரிசி மூடை நின்றது. நான் ஒரு வளையத்தில் கயிறு போட்டுத் தொங்கினேன். நண்பன் மற்றதில் தொங்கினான். இரண்டு பேரும் காலை மடக்கிக்கொண்டு ஊஞ்சல் ஆட, அக்கா வாசலில் நின்று தன் பறங்கிப் பாஷையில் எதையோ சொல்லிச் சிரித்தார். என்னவென்று கேட்டேன்.

“அது தமிழில நல்லா இரிக்காது தம்பி.”

மனைவி எங்களைப் பார்க்கவில்லை. போல்ட் பலகைக்குள் போகும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் இறங்கியதும் பிள்ளைக்குப் பொட்டு வைக்கும் மையை எடுத்து வந்து, ஏணியில் ஏறி, இரண்டு போல்டிலும் பலகை முட்டும் இடத்தில் கறுப்பாக ஒரு கோடு சுற்றினாள். “கீழ இறங்கினா கோடு தெரியும்” என்றாள். நண்பன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான். எங்கள் இரண்டு பேருக்கும் அந்த யோசனை வந்திருக்கவில்லை.

இரண்டு வளையத்திலும் கப்பி போட்டுச் சட்டத்தைத் தொங்கவிட்டு, நான் கயிற்றைக் கட்டையில் மீனவர் முடிச்சால் கட்டினேன். அவள் அவிழ்க்கப் பார்த்தாள், முடியவில்லை.

“நீங்க இல்லாத நேரம் நான் ஆரக் கூப்பிடுறது?”

அவிழ்த்துவிட்டு, கொம்பில் எட்டுப் போல வெறுமனே சுற்றும்படி மாற்றினேன். அவளே ஏற்றினாள், இறக்கினாள், திரும்ப ஏற்றினாள். பாயை அவள்தான் எடுத்து ஹோலின் மறுபக்கத்துக்கு மாற்றினாள். சட்டம் எவ்வளவு உறுதியானாலும் அதற்கு நேர் கீழே பிள்ளை படுப்பதில்லை என்று முடிவு. நானும் ஒத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகும் மழை விடவில்லை. ஆனால் அறைக்குள் இருந்த கயிறுகள் போயின. சுவரை எலுமிச்சம்பழமும் சோடாவும் போட்டுத் தேய்த்தேன். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைக்க முடிந்தது. அக்கா தன் மேசை விரிப்புகளையும் கொண்டுவந்து ஒரு கம்பைப் பிடித்துக்கொண்டார். நான் காலையில் எழும்பியதும் முதலில் அண்ணாந்து அந்தக் கறுப்புக் கோட்டைப் பார்ப்பேன். பலகையோடு ஒட்டியபடியே இருக்கும். மூச்சு விடுவேன். நான் பார்க்கும் நேரத்தில் மனைவியும் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மிஸ்ஸி நனைந்த குடையோடு வந்தார். வாசலில் நின்று மூக்கால் இழுத்துப் பார்த்தார், உள்ளே வந்தார். பிள்ளையின் சட்டையைத் தூக்கி, முன்னும் பின்னும் காதை வைத்து நெடுநேரம் கேட்டார். நான் குசினி வாசலில் நின்றேன். அக்கா மாக் கரண்டியை ஆட்டாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

“சுத்தமா இருக்கு. ஒரு சத்தமும் இல்ல” என்றார் மிஸ்ஸி. “பாரமும் ஏறியிருக்கு.”

அவர் அட்டையில் எழுதியபடி, தலைக்கு மேலே வரிசையாகத் தொங்கிய சின்னச் சின்னத் துணிகளை அப்போதுதான் கவனித்தார். மெல்ல இரண்டடி விலகி நின்றார்.

“இது விழாதா?”

நான் போல்ட், தகடு, தீராந்தி என்று தொடங்க வாயைத் திறந்தேன். மனைவி பிள்ளைக்குச் சட்டையை இழுத்துவிட்டபடி முந்திக்கொண்டாள்.

“விழாது மிஸ்ஸி. இவர் கடைக்குப் போன நேரம் நானும் தொங்கிப் பாத்தனான்.”